மழையிலும் குளிரிலும் மவுண்டன் பைக் ஓட்டும் பிள்ளைக்கு எந்த பேன்ட் வாங்கலாம்?

பிரிட்டனில் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை காட்டுப் பாதைகள் காய்வதே அபூர்வம். பிராக்னெல் பக்கத்து ஸ்வின்லி ஃபாரஸ்ட், வேல்ஸில் கோயிட் எ ப்ரெனின், ஸ்காட்லாந்தில் க்ளென்ட்ரெஸ் என்று எங்கே போனாலும் இதே கதைதான். வானம் வெளுத்திருக்கும், டயர் வாரியடிக்கிற தண்ணீரில் பிள்ளையின் கால் தொடைவரை ஊறியிருக்கும். நல்ல ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்கும் பெற்றோர், கால் என்று வரும்போது வீட்டில் கிடக்கிற ட்ராக் பேன்ட்டை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். குளிர் அதிகமானால் அதன்மேல் இன்னொன்று. இரண்டும் பருத்தி என்றால் இரண்டும் சேர்ந்து தண்ணீரைக் குடித்து, கால் மடக்க முடியாத அளவுக்குக் கனத்துவிடும்.

5 டிகிரி குளிரில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், காய்ந்த தோலுக்கே அது 1 டிகிரி போல உறைக்கும். நனைந்த துணிக்குள் இருக்கும் காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் உடல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் நமக்குக் ‘கொஞ்சம் சில்லென்று’ இருக்கிற நேரத்தில் அவர்கள் வெடவெடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாதம் ஒன்றிரண்டு முறை ஓட்டும் பிள்ளைக்கு 20 பவுண்டு சுற்றளவில் கிடைக்கிற, மடித்துப் பைக்குள் வைக்கும் மழை பேன்ட், அதற்கடியில் ஒரு தெர்மல் லெக்கிங்ஸ், வலது கணுக்காலில் ஒரு வெல்க்ரோ பட்டை, பின்சக்கரத்துக்கு மட்கார்டு. இவ்வளவு போதும். 60, 80 பவுண்டு கொடுத்து வாங்கும் பிராண்டு பேன்ட்டுகளில் பல மழையே தாங்காதவை. அவற்றுக்கு வேறு பயன் உண்டு, பின்னால் சொல்கிறோம்.

எங்கே நனைகிறது?

நெற்றிப்பொட்டில் அடிக்கிற மழையைவிட, பின்சக்கரம் எறிகிற தண்ணீர்தான் பேன்ட்டுக்கு எதிரி. பிள்ளை பெடலில் எழுந்து நின்று இறங்கும்போது சேற்றுநீர் நேரே சீட்டின் மேல் விழுகிறது. சமதளம் வந்ததும் அதன்மேலேயே உட்கார்கிறது. உட்காரும் எடை அந்தத் தண்ணீரைத் துணிக்குள் அழுத்துகிறது. ஆகவே முதலில் நனைவது பின்பக்கம், அடுத்தது கவட்டை. முழங்காலும் கெண்டைக்காலும் அதற்குப் பிறகுதான்.

லேபிளில் போட்டிருக்கிற 5,000 மி.மீ., 10,000 மி.மீ. என்பது துணி தாங்கும் நீர்த்தூணின் உயரம். அந்த எண்ணை இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 கிலோ பிள்ளை, சீட்டோடு ஒட்டுகிற பரப்பு தோராயமாக 150 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது துணிமேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 1,700 மி.மீ. நீர்த்தூணுக்குச் சமம். வேர்மேல் ஏறி ‘தொப்’பென்று உட்காரும்போது அது இரண்டு மூன்று மடங்காகும். புதுசாக இருக்கும்வரை 5,000 தாக்குப்பிடிக்கும். மணலும் சீட்டும் சேர்ந்து அரைத்து உள்பூச்சு தேய்ந்தபின் தாக்குப்பிடிக்காது. வாராவாரம் ஓட்டுகிற பிள்ளைக்கு 10,000 என்பது ஆடம்பரமில்லை. 20,000 என்று போட்டதைத் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமுமில்லை, ஏனென்றால் பெரும்பாலும் துணி தோற்பதற்குமுன் தையல் தோற்றுவிடும்.

கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியது அதைத்தான். பேன்ட்டை உள்புறம் வெளியே வரத் திருப்புங்கள். கவட்டையில் நான்கு தையல்கள் வந்து ஒரே புள்ளியில் கூடுகின்றனவா, அல்லது அந்த இடத்தில் வைர வடிவில் தனித்துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நான்கும் கூடும் புள்ளியில், தண்ணீர் புகாமலிருக்கத் தையல்மேல் ஒட்டுகிற டேப், டேப்புக்கு மேல் டேப்பாக மூன்று நான்கு அடுக்கு சேர்ந்து தடித்திருக்கும். சீட்டின் மூக்கு உரசுவது சரியாக அந்த இடத்தில்தான். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் டேப்பின் ஓரம் சுருள்கிறதென்றால் வைத்துவிட்டு நகருங்கள். தனித்துண்டு வைத்த பேன்ட்டில் தையல்கள் சீட்டின் நடுவிலிருந்து விலகிப்போகும், காலை அகட்டவும் வசதி. பின்பக்கத்தில் நடுத்தையலே இல்லாமல் ஒரே துண்டாக வெட்டியிருந்தால் இன்னும் நல்லது, ஆனால் மலிவு பேன்ட்டில் இதை எதிர்பார்க்க முடியாது.

ஐந்து வகை, ஐந்து குணம்

மடித்து வைக்கும் மழை பேன்ட்தான் நம் முதல் தேர்வு. ரெகட்டாவின் ‘பேக் இட்’ பிள்ளைகள் பேன்ட், டெக்கத்லானில் கேச்சுவா பெயரில் வருகிற மழை பேன்ட் இரண்டும் இந்த வகை. ரெகட்டாவில் ஐசோலைட் 5000 துணி, டேப் ஒட்டிய தையல், எலாஸ்டிக் இடுப்பு, பாட்டத்தை, அதாவது பேன்ட் காலின் கீழ்முனையை, இறுக்கப் பொத்தான். கைப்பைக்குள் அடங்கிவிடும் என்பதால் ஏற்றத்தில் கழற்றி, உச்சியில் மாட்டி இறங்கலாம். மெல்லிய துணிக்கு மூன்று குறை. முள்செடி கிழிக்கும், பெடலில் ஷூ வழுக்காமலிருக்க வைத்த முள் குத்தினால் ஓட்டை விழும், முழங்காலில் வளைவுக்கென்று தனி வெட்டு இருக்காது. நடைக்குத் தைத்ததாகையால் பாட்டம் அகலம், அது செயினுக்கு இரை. இந்த விலைக்கு இந்தக் குறைகளோடு வாழலாம். வாங்கும்போது காலில் ஜிப் இருக்கிறதா, ஷூவோடு கால் நுழைகிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். மழையில் நின்று, சேற்று ஷூவைக் கழற்றி, ஒற்றைக்காலில் தள்ளாடும் ஏழு வயதுப் பிள்ளைக்கு பேன்ட் மாட்டிவிடுவது நரகம்.

ரப்பர்போல வழவழப்பான பியூ (பாலியூரித்தேன்) பூச்சு பேன்ட் ஸ்காண்டிநேவிய நர்சரிகளின் சீருடை. டிட்ரிக்சன்ஸின் ‘ஸ்லாஸ்கெமான்’ செட் இதற்குப் பெயர்போனது. தையலை நூலால் மட்டும் விடாமல் வெப்பத்தால் ஒட்டியிருப்பார்கள், ஆகவே தண்ணீர் புக வழியே இல்லை. வியர்வை வெளியேறவும் வழியில்லை. மார்புவரை ஏறும் முன்பக்கமும் தோள்பட்டைப் பட்டைகளும் இருப்பதால் குனிந்து ஓட்டும்போது இடுப்பில் இடைவெளி விழாது. 16 அங்குலச் சக்கரத்தில் காட்டுக்குள் ஒரு மணி நேரம் உருட்டும் நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பேன்ட் கிடையாது. அந்த வயதில் ஏற்றத்தில் வியர்க்க மிதிப்பதைவிடக் குட்டையில் உட்கார்வதுதான் அதிகம். 20 அங்குலத்துக்கு மாறி, தானே ஏற்றம் மிதிக்கத் தொடங்கியதும் இதை நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடத்தில் உள்ளே வியர்த்து ஊறி, நிற்கும்போது அந்த ஈரமே குளிரும். இன்னொன்று, பாதத்துக்கடியில் மாட்டும் எலாஸ்டிக் வளையம். கம்பூட்ஸுக்கு வைத்தது அது. முள் வைத்த ஃப்ளாட் பெடலில் அந்த வளையம் சிக்கிக்கொண்டால் அவசரத்துக்குக் கால் ஊன்ற முடியாது. கழற்றிவிடுங்கள், கழற்ற முடியாத மாடலென்றால் உள்பக்கம் மடித்துச் செருகிவிடுங்கள்.

மவுண்டன் பைக்குக்கென்றே தைத்த இளையோர் பேன்ட் மூன்றாவது வகை. ஃபாக்ஸின் ‘யூத் ரேஞ்சர்’, ‘யூத் டிஃபெண்ட்’, ட்ராய் லீ டிசைன்ஸின் ‘யூத் ஸ்ப்ரிண்ட்’ போன்றவை. நான்கு பக்கமும் இழுபடும் துணி, முழங்கால் பேடுக்கு இடம், கணுக்காலில் ஒட்டிக் குறுகும் பாட்டம். சைக்கிள்மேல் உட்கார்ந்த நிலைக்கே வெட்டியிருப்பதால் பின்னிடுப்பு உயரமாகவும் முன்னிடுப்பு தாழ்வாகவும் இருக்கும். வெட்டு என்று பார்த்தால் மற்ற நான்கும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இவை மழை பேன்ட் என்று நினைத்து வாங்காதீர்கள். சிலவற்றில் தண்ணீர் உருண்டோடும் மேல்பூச்சு இருக்கும். தூறலுக்கும் சேற்றுத் தெறிப்புக்கும் அது சரி, நனைந்த சீட்டுக்குப் போதாது. நல்ல குணம் என்னவென்றால் துணி மெல்லியது, நனைந்தாலும் சீக்கிரம் காயும். 8 டிகிரிக்கு மேல், மழையில்லாத ஈர நாளுக்கு, வாராவாரம் ஓட்டும் பிள்ளைக்கு இதுதான் சரி. ஃபாக்ஸ் இளையோர் சைஸ் இடுப்பளவில், 22 அங்குலம் முதல் 28 வரை வருகிறது. மெலிந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு 22 கூட இடுப்பில் நிற்காது.

ஜாக்கெட்டும் பேன்ட்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே உடுப்பு நான்காவது. ஜெர்மனியின் டர்ட்லேய் நிறுவனம் ‘டர்ட்சூட்’ என்ற பெயரில் பிள்ளைகளுக்கும் போடுகிறது.  இடுப்பில் இடைவெளி என்ற பிரச்சினையே கிடையாது, சேறு உள்ளே போகாது, காரில் ஏறுமுன் ஒரே இழுப்பில் உரித்தெடுத்தால் உள்ளே பிள்ளை சுத்தமாக இருக்கும். பைக் பார்க்கில் வண்டியிலேயே மேலேற்றிவிட, இறங்குவது மட்டுமே வேலை என்றால் அருமையான உடுப்பு. மிதித்து ஏறும் நாளுக்குச் சூடு அதிகம், கழற்றிப் பைக்குள் வைக்கவும் முடியாது. அதோடு ‘ஒன்னுக்கு வருது’ என்று காட்டுக்கு நடுவில் சொன்னால் ஹெல்மெட், கையுறை, முதுகுப்பை, ஜிப் எல்லாம் வரிசையாகக் கழல வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே யோசித்து வாங்குங்கள்.

ஐந்தாவது, ஷார்ட்ஸும் முழங்கால் பேடும் முழங்கால்வரை நீண்ட கம்பளி சாக்ஸும். குளிருக்கு ஷார்ட்ஸா என்று அம்மாமார்கள் அடிக்க வருவார்கள். 10 டிகிரிக்கு மேல், சேறு மட்டும் இருக்கிற நாளில் இது நன்றாகவே வேலை செய்யும். தோலில் பட்ட சேற்றைத் துடைத்துவிடலாம், துணியில் ஊறியதைத் துடைக்க முடியாது. 10 டிகிரிக்குக் கீழே வேண்டாம்.

வலது கால்

பாதுகாப்பு என்று பார்த்தால் பேன்ட்டில் மிக முக்கியமான இடம் வலது பாட்டத்தின் உள்பக்கம். சிறுவர் சைக்கிள்களில் செயின் வீல் கணுக்காலுக்கு மிக அருகில் சுழல்கிறது, சின்ன சைக்கிளில் கவர் இருக்கும், 24 அங்குல மவுண்டன் பைக்கில் பெரும்பாலும் இருக்காது. அகலமான பாட்டம் ஒருமுறை பல்லில் மாட்டினால் துணி சுருட்டிக்கொண்டு போகும், பெடல் நின்றுவிடும், பிள்ளை அந்தப் பக்கமே சாயும்.

பட்டை கட்டுவதிலும் முறை உண்டு. மிகுதியான துணியை உள்பக்கம் விடாமல், காலின் வெளிப்பக்கமாகச் சேர்த்துப் பிடித்து, பின்னோக்கி மடித்து, கணுக்கால் எலும்புக்கு இரண்டு விரல் மேலே வெல்க்ரோ பட்டையைச் சுற்றுங்கள். மடிப்பு வெளிப்பக்கம் பின்னால் இருக்க வேண்டும்; செயின் பக்கம் வழவழவென்று தட்டையாக இருக்க வேண்டும். எலும்பின்மேலேயே கட்டினால் மிதிக்க மிதிக்கப் பட்டை வழுக்கி இறங்கும். இடது காலுக்கும் கட்டினால் நல்லது, அங்கே செயின் இல்லை, ஆனால் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கம்பியில்) உரசித் துணி தேயும். பாட்டத்தில் தொங்கும் நாடா எதுவும் கூடாது. பிள்ளைகள் உடையில் நாடா, கயிறு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஐரோப்பாவில் இஎன் 14682 என்ற தரவிதியே இருக்கிறது. பெரியவர்களின் சின்ன சைஸை வாங்கிக் கொடுக்கும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பாட்டம் ஷூவின் கழுத்தை மூடி விழ வேண்டும். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகினால் காலில் வழியும் தண்ணீர் முழுதும் ஷூவுக்குள் இறங்கும். வாட்டர்ப்ரூஃப் சாக்ஸ் போட்டால்கூட இதே விதிதான், ஏனென்றால் மேல்வழியாகப் புகுந்த தண்ணீரை அந்த சாக்ஸ் வெளியே விடாது. டெக்ஸ்ஷெல் நிறுவனம் வாட்டர்ப்ரூஃப் சாக்ஸைச் சிறுவர் அளவில் போடுகிறது. அதற்கடியில் மெல்லிய கம்பளி சாக்ஸ் போட வேண்டும், அதற்கு ஷூவில் இடம் இருக்க வேண்டும். இறுகிய ஷூவில் கால் விரைவாக மரத்துப்போகும்.

அடியில் என்ன போடுவது?

மழை பேன்ட் தண்ணீரையும் காற்றையும் தடுக்கும், சூடு தராது. சூடு அடியில் போடுகிற லெக்கிங்ஸில்தான். 5 முதல் 10 டிகிரிக்கு மெல்லிய பாலியெஸ்டர் தெர்மல் போதும். 5-க்குக் கீழே மெரினோ கம்பளியோ உள்ளே மெல்லிய ஃப்ளீஸ் பிடித்த லெக்கிங்ஸோ. மெரினோ நனைந்தாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் வாஷிங் மெஷினில் சூட்டுத் தண்ணீரில் போட்டால் தங்கைக்குத்தான் உதவும். பருத்தி எந்த அடுக்கிலும் வேண்டாம், உள்ளாடை உட்பட.

முழங்கால் பேடு எப்போதும் லெக்கிங்ஸுக்கு மேலே, மழை பேன்ட்டுக்கு உள்ளே. ஜி-ஃபார்ம் இளையோர் பேடு போல மெல்லியதாக, கைபோல வளைவதாக இருந்தால் எந்த மழை பேன்ட்டுக்குள்ளும் அடங்கும். கெட்டி ஓடு வைத்த பேடு மெல்லிய மழைத்துணியை உள்ளிருந்தே தேய்த்துவிடும்.

புறப்படும்போது பிள்ளைக்குக் கொஞ்சம் குளிர வேண்டும். கார் பார்க்கிங்கில் கதகதப்பாக நிற்கிற பிள்ளை முதல் ஏற்றத்தில் வியர்த்து நனைந்துவிடும், அதற்கப்புறம் எந்த பேன்ட்டாலும் பயனில்லை.

சைஸ்

‘வளர்ற பிள்ளை’ என்று இரண்டு சைஸ் கூட்டி வாங்குவது பள்ளி பிளேசருக்குச் சரிவரும். இங்கே வேண்டாம். பெரிய பேன்ட்டில் கவட்டை தாழ்ந்து தொங்கும். எழுந்து நின்று இறங்கிய பிள்ளை திரும்ப உட்காரும்போது சீட்டின் மூக்கு அந்தத் தொங்கலில் மாட்டிக்கொள்ளும். பின்னால் நகர முடியாது, செங்குத்தான இறக்கத்தில் அது ஹேண்டில்மேல் கவிழ்வதில் போய் முடியும். ஒரு சைஸ் கூடுதல், உள்ளே பொத்தான் போட்டு இழுக்கிற எலாஸ்டிக் இடுப்பு. அதற்குமேல் வேண்டாம்.

போட்டுப் பார்க்கும்போது நிற்க வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. லெக்கிங்ஸ், பேடு எல்லாம் போட்டு, அதன்மேல் பேன்ட்டை மாட்டி, சைக்கிளில் ஏற்றுங்கள். ஒரு பெடல் உச்சியில் இருக்கும்போது அந்த முழங்கால் மடிந்த நிலையில் பாட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 5 முதல் 7 செ.மீ. ஏறுவது இயல்பு. ஏறியபிறகும் ஷூவின் கழுத்தை மூடினால் நீளம் சரி. முழங்காலில் துணி விறைத்து இழுத்தால் பிள்ளை ஒவ்வொரு மிதிக்கும் துணியோடும் மல்லுக்கட்டும். பிறகு ஹேண்டிலை நோக்கிக் குனியச் சொல்லிப் பின்னிடுப்பைப் பாருங்கள்; தோல் தெரிந்தால் அங்கேதான் சேறு புகும். தோள்பட்டைப் பட்டை இல்லாத பேன்ட்டுக்கு நீளமான ஜாக்கெட் அவசியம்.

விலைபற்றி ஒரு குறிப்பு. பிரிட்டனில் சிறுவர் உடைக்கு வாட் வரி கிடையாது, பெரியவர் உடைக்கு 20 சதவீதம். உயரமான 12, 13 வயதுப் பிள்ளைக்கு ‘பெரியவர் எக்ஸ்எஸ்’ எடுப்பதற்குமுன் சிறுவர் வரிசையின் கடைசி சைஸ் சேருமா என்று பார்த்தால் கணிசமான காசு மிஞ்சும்.

மட்கார்டு

இதைப் பேன்ட் விமர்சனத்தில் எழுதக் காரணம், எந்த பேன்ட்டைவிடவும் இது பின்பக்கத்தை நனையாமல் வைக்கும் என்பதுதான். முன்னால் ஃபோர்க்கில் கேபிள் டை போட்டுக் கட்டும் பிளாஸ்டிக் தகடு கண்ணுக்கும் மார்புக்கும். பின்னால்தான் சிக்கல். சீட் கம்பியில் மாட்டும் நீளமான மட்கார்டு சிறுவர் சைக்கிளில், சீட் தாழ்வாக இருப்பதால், பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயரில் இடிக்கும். வாங்குமுன் சீட்டை முழுதும் அழுத்தி, இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் செருகும் சின்னத் தகடு போதும். முழுதும் தடுக்காது, ஆனால் சீட்டின் மேல் விழுவதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

கழுவுவது

ஸ்வின்லி, சர்ரி ஹில்ஸ் பக்கத்து மண்ணில் மணல் அதிகம்; அது உப்புத்தாள்போலத் துணியைத் தேய்க்கும். சில்டர்ன்ஸ் பக்கம் களிமண், அது ஒட்டும், ஆனால் தேய்ப்பது குறைவு. எதுவானாலும் காய்வதற்குமுன் குழாய்த் தண்ணீரில் அலசிவிடுங்கள், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். பிறகு 30 டிகிரியில், நிக்வாக்ஸ் டெக் வாஷ் போன்ற சோப்பில் கழுவலாம். வழக்கமான பவுடரின் மிச்சம் துணியில் தங்கித் தண்ணீரை இழுக்கும். ஃபேப்ரிக் கண்டிஷனர் இன்னும் மோசம். தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் துணி கருத்து ஊறத் தொடங்கினால் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். நிக்வாக்ஸ் டிஎக்ஸ் டைரக்ட் போட்டால் திரும்பும். லேபிள் அனுமதித்தால் குறைந்த சூட்டில் ட்ரையரில் சுற்றுவதும் பூச்சை எழுப்பும். ரப்பர்போன்ற பியூ பேன்ட்டை ட்ரையரில் போடாதீர்கள், ஒட்டிய தையல் விட்டுவிடும்.

ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டி கார் டிக்கியில் விட்டுவிடுவதுதான் இந்த பேன்ட்டுகள் சாகும் முக்கிய வழி. பியூ பூச்சு ஈரத்திலும் வெப்பத்திலும் மெல்லச் சிதைந்து பிசுபிசுப்பாகும், அதற்கப்புறம் செதில்செதிலாக உதிரும். பெடல் முள் போட்ட ஓட்டைக்கு நைலான் ஒட்டுத்துண்டை வட்டமாக வெட்டி உள்ளும் புறமும் ஒட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்து உரியும்.

பிள்ளைகள் ஒரு குளிர்காலத்துக்குள் வளர்ந்துவிடுவதால் பழைய பொருள் விற்கும் வின்டெட், ஈபே தளங்கள் இரண்டிலும் பாதி விலைக்குக் கிடைக்கும். விற்பவர் போடும் படத்தில் முன்பக்கம்தான் இருக்கும். உள்ளைத் திருப்பிக் கவட்டையின் டேப்பையும், உட்காரும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் தனித்தனிப் படம் கேளுங்கள். துணி அங்கே மட்டும் பளபளத்தாலோ ஊசிமுனையாக ஒளி தெரிந்தாலோ 5 பவுண்டுக்குக்கூட வேண்டாம்.